எம்மா கொள்ளைப் பொருளா? ஆங்கிலோ-சாக்சன், வைக்கிங் பிரபுக்களின் திருமணம், சொத்து, விசுவாசம்

கேள்வி, ஜனவரி 9

1016-இல் டென்மார்க்கின் வைக்கிங் தலைவன் கனூட் இங்கிலாந்தைப் பிடித்தான். ராஜா எதல்ரெட்டைக் கொன்றுவிட்டு, அடுத்த வருடமே அவன் மனைவி எம்மாவையும் எடுத்துக்கொண்டான். அந்தக் காலத்து அரச குடும்பப் பெண் என்றால் கொள்ளைப் பொருள்தானே? ஆங்கிலோ-சாக்சன் பெண்களுக்குச் சொத்துரிமை இருந்தது என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். எப்படி நம்புவது?

ஜனவரி 9, இரவு

எதல்ரெட்டைக் கனூட் கொல்லவில்லை. 1016 ஏப்ரல் 23 அன்று எதல்ரெட் லண்டனில் இறந்தான். அப்போது கனூட்டின் கப்பல்கள் லண்டனுக்கு வந்து சேரவே இல்லை. மூத்த தாரத்து மகன் எட்மண்ட் அதன் பிறகு பல மாதம் சண்டை போட்டான், அக்டோபர் 18-இல் அசண்டூனில் தோற்றான். நாட்டை இருவரும் பிரித்துக்கொண்டார்கள். நவம்பர் 30-இல் எட்மண்டும் போய்ச் சேர்ந்தான். எம்மாவின் கல்யாணம் 1017 கோடையில்.

"எடுத்துக்கொண்டான்" என்று நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக் குறிப்பில், முந்தைய ராஜாவின் விதவையை மனைவியாக அழைத்துவரச் சொல்லிக் கனூட் ஆணையிட்டான் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கால் நூற்றாண்டு கழித்து எம்மாவுக்காக ஃப்ளாண்டர்ஸ் துறவி ஒருவர் எழுதிய நூலில் கதையே வேறு. தூதர்கள் போகிறார்கள், பரிசுகள் போகின்றன. எம்மா நிபந்தனை வைக்கிறாள்: வேறு எந்த மனைவியின் மகனையும் தனக்குப் பின் ராஜாவாக்க மாட்டேன் என்று கனூட் சத்தியம் செய்ய வேண்டும். அவன் செய்கிறான். அந்த நூலில் எதல்ரெட்டின் பெயர்கூடக் கிடையாது, அதனால் முழுதாக நம்பச் சொல்லவில்லை. ஆனால் நிபந்தனை நம்பும்படியாக இருக்கிறது. கனூட்டுக்கு ஏற்கெனவே நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த எல்ஃப்கிஃபு என்ற மனைவியும், அவள் வழியில் ஸ்வெய்ன், ஹாரால்ட் என்ற பிள்ளைகளும் உண்டு.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். எம்மாவின் அண்ணன் ரிச்சர்ட் நார்மண்டியின் பிரபு. எதல்ரெட்டுக்குப் பிறந்த எட்வர்ட், ஆல்ஃப்ரெட் இருவரும் தாய்மாமன் வீட்டில் அடைக்கலம். தங்கையைக் கட்டிக்கொண்டால், மருமகன்களுக்காக ரிச்சர்ட் படையெடுக்க மாட்டான். கனூட்டுக்கு வேண்டியிருந்தது அந்த நிம்மதி. கொள்ளைப் பொருளுக்கு யாரும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை.

ஜனவரி 10

சொத்துரிமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கனூட் காலத்தை ஒட்டிய கல்யாண ஒப்பந்தங்கள் இரண்டு அப்படியே தப்பிப் பிழைத்திருக்கின்றன.

முதலாவது வூஸ்டர்ஷயர் பக்கம், 1014-க்கும் 1016-க்கும் இடையில். பேராயர் வுல்ஃப்ஸ்டனின் சகோதரியை வுல்ஃப்ரிக் என்பவன் கட்டுகிறான். இரண்டு ஊர் நிலம் அவள் ஆயுள் வரைக்கும். மூன்றாவது ஊர் நிலத்தை மூன்று தலைமுறைக்கு மடத்திடமிருந்து வாங்கித் தர ஒப்புக்கொள்கிறான். நாலாவது ஊர் ஆல்ட்டன்: உயிரோடு இருக்கும்போதோ இறந்த பிறகோ அவள் யாருக்கு விரும்புகிறாளோ அவருக்குக் கொடுக்கலாம். இதற்கு மேல் 50 மான்கஸ் தங்கம், 30 ஆட்கள், 30 குதிரைகள்.

இரண்டாவது கென்ட்டில். காட்வின் என்பவன் (பின்னால் வரும் எர்ல் காட்வின் இல்லை, வேறு ஆள்; எர்ல் என்றால் ராஜாவுக்கு அடுத்த பெரிய பிரபு) பிரித்ரிக்கின் மகளைக் கேட்கிறான். அவள் சம்மதிப்பதற்காகவே ஒரு பவுண்டு எடைத் தங்கம். இந்த வரியில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். தங்கம் அப்பாவுக்கு இல்லை, பெண்ணின் சம்மதத்துக்கு. அதோடு நிலம், 30 எருது, 20 பசு, 10 குதிரை, 10 அடிமைகள். பேச்சு முடிந்தது கிங்ஸ்டனில், கனூட் ராஜா முன்னிலையில். இருவரில் யார் அதிக காலம் இருக்கிறாரோ அவருக்கே எல்லாச் சொத்தும். மூன்று பிரதி எழுதினார்கள். இரண்டு கேன்டர்பரி மடங்களில், மூன்றாவது பெண்ணின் அப்பாவிடம்.

அந்த 10 அடிமைகளும் சரி, முதல் ஒப்பந்தத்தின் 30 ஆட்களும் சரி, மனிதர்கள். ஒரு பெண்ணின் உரிமையைக் கொண்டாடும்போது அதே தாளில் இன்னும் பத்துப் பேர் மாடுகளுக்கு அடுத்த வரியில் நிற்பதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஜனவரி 10, பின்னிரவு

மான்கஸ் என்றால் எவ்வளவு என்று ஒரு நண்பர் கேட்டார். 30 வெள்ளிப் பென்னி. அதற்கு நூறு வருடம் முன்னால், ராஜா ஏதல்ஸ்டன் காலத்து லண்டன் ஏற்பாட்டில் ஒரு எருதுக்கு ஒரு மான்கஸ், பசுவுக்கு 20 பென்னி, குதிரைக்கு அரைப் பவுண்டு என்று ஈட்டுத்தொகை வைத்திருந்தார்கள். ஆக, வுல்ஃப்ரிக் கொடுத்த தங்கம் ஏறக்குறைய 50 எருது பெறும்.

ஜனவரி 13

பணக்காரக் குடும்பங்கள் விருப்பப்பட்டு எழுதிக்கொண்டது சட்டம் ஆகிவிடாது என்று கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். சரி, சட்டத்துக்கே வருவோம். கனூட்டின் சட்டத்தொகுப்பில் இருக்கிறது: விதவையையோ கன்னியையோ அவளுக்குப் பிடிக்காதவனுக்குக் கட்டாயப்படுத்திக் கட்டிவைக்கக் கூடாது, பணத்துக்கு விற்கவும் கூடாது. மாப்பிள்ளை தானாக எதாவது கொடுத்தால் கொடுக்கலாம். விதவை 12 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கட்டிக்கொண்டால், கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் முதல் கணவன் கொடுத்த கொடையும் அவன் வழியில் வந்த மற்ற சொத்தும் போய்விடும்.

எனக்கு இதைவிடப் பிடித்த விதி, திருட்டைப் பற்றியது. கணவன் திருடிய பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் மனைவி குற்றவாளி இல்லை, அவள் சாவிக்குக் கீழே இருந்தால் தவிர. சாமான் அறை, பெட்டி, பேழை: இவற்றின் சாவி அவளுடையது என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் இந்த வழக்கு. கனூட் காலம், ஹியர்ஃபோர்ட்ஷயர். ஆயில்ட்டனில் ஷயர் (மாவட்ட) மன்றம் கூடியிருக்கிறது. பிஷப் ஏதல்ஸ்டன் இருக்கிறார், எர்ல் ரானிக் இருக்கிறான், ராஜாவின் காரியமாக டோஃபி வந்திருக்கிறான். எட்வின் என்றொருவன் எழுந்து சொந்தத் தாயின் மேலேயே நிலத்துக்கு வழக்குப் போடுகிறான். அவளுக்காக யார் பேசுவது என்று பிஷப் கேட்கிறார். வெள்ளைத் தோர்கெல் எழுகிறான், விவரம் தெரிந்தால் பேசுகிறேன் என்கிறான். மூன்று பேர் குதிரையேறி அவள் இருக்கும் ஃபாலிக்குப் போகிறார்கள்.

மகன் கேட்கும் நிலம் எதுவும் என்னிடம் இல்லை என்கிறாள் அம்மா. மகன் மேல் கடுங்கோபம். உறவுக்காரி லியோஃப்ஃப்ளேடைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைக்கிறாள். எனக்குப் பிறகு என் நிலம், தங்கம், துணிமணி எல்லாம் இவளுக்குத்தான், சொந்த மகனுக்கு ஒன்றும் கிடையாது என்கிறாள். வந்தவர்களிடம், ஆண்பிள்ளைகளாகப் போய் இதை மன்றத்தில் சொல்லுங்கள், சாட்சியாக இருங்கள் என்கிறாள். அவர்களும் போய்ச் சொல்கிறார்கள். தோர்கெல் எழுந்து நின்று சொத்துக்கு ஒப்புதல் வாங்குகிறான். அந்த லியோஃப்ஃப்ளேட் அவன் பெண்டாட்டி! மன்றத்தின் சம்மதத்தோடு நேராக மடத்துக்குப் போய் சுவிசேஷப் புத்தகத்தில் எழுதவைத்துவிடுகிறான். அந்தப் புத்தகம் இன்றும் ஹியர்ஃபோர்ட் பேராலயத்திடம் இருக்கிறது.

இதில் தாயின் பெயர் மட்டும் எழுதப்படவில்லை. சொத்து அவளுடையது, சொல் அவளுடையது, ஆனால் எழுதியவருக்கு அவள் எட்வினின் அம்மா மட்டுமே. கேள்வி கேட்டவரின் சந்தேகம் முழுக்கத் தவறில்லை என்று எனக்குத் தோன்றுவது இந்த மாதிரி இடங்களில்.

ஜனவரி 14

வைக்கிங் பக்கத்தை யாரும் தொடவில்லையே என்கிறார்கள். ஸ்வீடனில் உப்லாந்தில், ஹில்லர்ஷோ என்ற இடத்துப் பாறையில் பதினோராம் நூற்றாண்டு ரூன் எழுத்து, அதாவது வைக்கிங்குகளின் பழைய எழுத்து, இருக்கிறது. மொத்தமும் வாரிசுக் கணக்கு. கெய்ர்லாக் கன்னியாக கெய்ர்முண்டைக் கட்டினாள், மகன் பிறந்தான், கணவன் மூழ்கி இறந்தான், மகனும் இறந்தான். அடுத்து குட்ரிக்கைக் கட்டினாள், பிள்ளைகளில் இங்கா ஒருத்திதான் பிழைத்தாள். இங்காவின் கணவன் ராக்ன்ஃபாஸ்ட் இறந்தான், பிறகு அவர்கள் மகனும் இறந்தான். மகன் சொத்து இங்காவுக்கு. இங்கா மறுமணம் செய்து, பிறகு இறந்தாள். எல்லாம் கிழவி கெய்ர்லாக் கைக்கு வந்தது. அத்தனை சாவையும் பாறையில் வெட்டவைத்தது, நாளைக்கு யாரும் உரிமை கேட்டு வரக் கூடாது என்பதற்காகத்தான். பாறைதான் பத்திரம்.

அதே உப்லாந்தில் இன்னொரு கல்: உல்ஃப் என்பவன் இங்கிலாந்தில் மூன்று முறை பணம் வாங்கினான். முதலில் டோஸ்டி கொடுத்தான், அடுத்து தோர்கெல், அடுத்து கனூட். (இந்தத் தோர்கெல் நெட்டையன் தோர்கெல் என்பார்கள், ஹியர்ஃபோர்ட் ஆள் இல்லை.) மூன்று தலைவர்களிடம் வேலை பார்த்ததில் உல்ஃபுக்கு வெட்கமே கிடையாது. பெருமையாகக் கல்லில் போட்டிருக்கிறார்கள். விசுவாசம் என்றதும் சாகும்வரை ஒரே தலைவன் என்று நாம் நினைக்கிறோம். இவனுக்கு அது கூலி வந்து சேரும்வரை.

ஜனவரி 18

மாமனார், மருமகன் என்று சொந்தம் ஆகிவிட்டால் விசுவாசம் தானாக வந்துவிடும், அதற்காகத்தான் அரசர்கள் பெண் கொடுத்தார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வட இங்கிலாந்தில் நார்தம்பிரியாவை ஆண்ட பிரபு உத்ரெட்டை வைத்துப் பார்ப்போம். டர்ஹாமில் பின்னாளில் எழுதிய ஒரு சிறு வரலாற்றில் அவன் குடும்பக் கதை இருக்கிறது. ராஜாக்களின் போர்களைவிட இந்த ஒரு கதை அந்த உலகத்தை எனக்கு நன்றாகக் காட்டுகிறது.

முதல் மனைவி எக்ஃப்ரிடா, டர்ஹாம் பிஷப்பின் மகள். (அப்போது பிஷப்புக்கு மகள் இருப்பது பெரிய விஷயமில்லை.) பிஷப் கோயில் நிலத்தில் ஆறு ஊர்களைச் சீதனமாகக் கொடுத்தார். மகளைக் கௌரவமாக வைத்திருக்கும் வரைதான் ஊர்கள் அவனுக்கு என்பது பேச்சு. உத்ரெட் பெரிய ஆளானதும் அவளை அனுப்பிவிட்டான். ஊர்களும் பிஷப்புக்குத் திரும்பின.

இரண்டாவது சிகே, யார்க்கின் பணக்காரன் ஸ்டிரின் மகள். ஸ்டிர் போட்ட நிபந்தனை நிலம் இல்லை, கொலை: என் எதிரி தர்பிராண்டைக் கொன்றுவிட வேண்டும். உத்ரெட் தலையாட்டிவிட்டு, கொல்லாமலே இருந்துவிட்டான்.

மூன்றாவது ராஜா எதல்ரெட்டின் மகள், அவள் பெயரும் எல்ஃப்கிஃபு. 1016-இல் கனூட் பக்கம் சாய்ந்து அடிபணிய உத்ரெட் போகிறான், கூட 40 பேர். மண்டபத்தில் தொங்கிய திரைக்குப் பின்னால் ஆயுதத்தோடு ஆட்கள். தலைமை தாங்கியவன் அதே தர்பிராண்ட். நாற்பது பேரோடு உத்ரெட் செத்தான்.

பிறகு எக்ஃப்ரிடாவின் மகன் எல்ட்ரெட் தர்பிராண்டைக் கொன்றான். தர்பிராண்டின் மகன் கார்ல் எல்ட்ரெட்டைக் கொன்றான். எல்ட்ரெட்டின் மகள் வயிற்றுப் பேரன் வால்தியோஃப், 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியம் காலத்தில் ஆட்களை அனுப்பிக் கார்லின் பிள்ளைகளை விருந்தில் உட்கார்ந்திருக்கும்போதே வெட்டவைத்தான். இரண்டாவது மாமனார் கேட்ட கொலையில் மூன்று தலைமுறைப் பகை.

எக்ஃப்ரிடாவை விட்டுவிடக் கூடாது. யார்க்ஷயர் பிரபு ஒருவனுக்கு அவளை மறுபடி கட்டிக்கொடுத்தார்கள், அவனும் அனுப்பிவிட்டான். டர்ஹாமுக்கு வந்து துறவியானாள். அந்த ஆறு ஊர்களுக்காக அவள் வழி வந்தவர்கள் அதன்பின் பல காலம் கோயிலோடு இழுபறி. அந்த வரலாற்றை எழுதவைத்ததே அந்த நிலத் தகராறுதான் என்று படும்.

என் கருத்து: கல்யாணம் விசுவாசத்தைக் கொடுக்கவில்லை. துரோகம் செய்தால் என்ன போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவைத்தது. போவதைவிடக் கிடைப்பது பெரிதாக இருந்த அன்றே ஆறு ஊரையும் எக்ஃப்ரிடாவையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பினான் உத்ரெட்.

ஜனவரி 19

துரோகத்துக்குப் பேர்போன பிரபு ஈட்ரிக் ஸ்ட்ரியோனா எங்கே என்று கேட்பீர்கள். அவனும் எதல்ரெட்டின் மருமகன். 1015-இல் 40 கப்பலோடு கனூட்டிடம் போனான், 1016-இல் மைத்துனன் எட்மண்டிடம் திரும்பினான், அசண்டூனில் போர் நடக்கும்போதே மறுபடி ஓடினான். 1017-இல் கனூட் அவனைக் கொன்றான். வாங்கியவனுக்கே அவன் மேல் நம்பிக்கை இல்லை.

நார்த்தாம்ப்டன் எல்ஃப்கிஃபுவின் தந்தை 1006-இல் கொலையானார், சகோதரர்கள் கண் பிடுங்கப்பட்டார்கள். அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்தவன் ஈட்ரிக் என்று பிற்காலத்தில் எழுதினார்கள். கனூட் அந்தப் பெண்ணைக் கட்டியதே எதல்ரெட்டின் மேல் வஞ்சம் இருந்த பெரிய குடும்பத்தைத் தன் பக்கம் இழுக்கத்தான் என்று நினைக்கிறேன். அவளை வெறும் வைப்பாட்டி என்று இங்கே எழுதுவது எனக்கு உறுத்துகிறது. 1030 வாக்கில் மகன் ஸ்வெய்னோடு நார்வேயை ஆள அனுப்பியது அவளைத்தான்.

ஜனவரி 26

எசெக்ஸில் மோல்டன் பக்கம் போயிருந்தேன். 991-இல் எர்ல் பிரித்நோத் வைக்கிங்குகளோடு மோதிய இடம் என்று நார்தி தீவுக்குப் போகும் பாதையைக் காட்டுகிறார்கள். அலை இறங்கியபோதுதான் சேற்றுக்கு நடுவே பாதை தெரிகிறது. குறுகலான பாதை. மூன்று பேர் நின்று மறித்தால் போதும் என்பது அங்கே நின்றபோது எனக்கு உறைத்தது.

18-ஆம் தேதி எழுதியதை அங்கே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் போரைப் பாடும் பழைய கவிதையில் தலைவன் பிரித்நோத் விழுந்ததும் காட்ரிக் தலைவனின் குதிரையிலேயே ஏறி ஓடுகிறான், நிறையக் குதிரைகளை அவனுக்கு அள்ளிக் கொடுத்தவர் அந்தத் தலைவர்தான். மற்றவர்கள் நின்று சாகிறார்கள். இதற்கும் கணக்கு உண்டு: கனூட்டின் சட்டப்படி தலைவனை விட்டு ஓடியவனுக்கு உயிரும் போகும், சொத்தும் போகும். ஒரு எர்ல் இறந்தால் வாரிசுகள் ராஜாவுக்கு 8 குதிரை, 4 வாள், 4 கவசம், 200 மான்கஸ் தங்கம் என்று கட்ட வேண்டும். போரில் தலைவனுக்கு முன்னால் விழுந்தவனின் குடும்பத்துக்கு அந்தக் கட்டணம் தள்ளுபடி. நின்று செத்தால் விதவைக்கும் பிள்ளைக்கும் சொத்து மிஞ்சும்.

ஆனால் அதே கவிதையில் டன்னெரே என்றொரு சாதாரணக் குடியானவன் ஈட்டியை ஆட்டிக்கொண்டு, பழிவாங்க நினைப்பவன் உயிருக்குக் கவலைப்படக் கூடாது என்று கத்துகிறான். அவனுக்கு எந்தக் குதிரையும் கொடுத்ததாகக் கவிதை சொல்லவில்லை. சொத்துக் கணக்கு பெரிய வீட்டுக்காரர்களுக்குப் பொருந்துகிறது, இவனுக்குப் பொருந்தவில்லை. பிரித்நோத்தின் விதவை எல்ஃப்ஃப்ளேட் கணவனின் வீரச் செயல்கள் தீட்டிய திரைச்சீலையை ஈலி மடத்துக்குக் கொடுத்தாள். அது இன்று இல்லை. அதில் டன்னெரேவுக்கு இடம் இருந்ததா என்று பார்க்க எவ்வளவோ ஆசை.

பிப்ரவரி 3

எம்மாவின் மிச்சக் கதையைக் கேட்டிருக்கிறார்கள். 1035 நவம்பரில் கனூட் இறந்தான். எம்மாவின் மகன் ஹார்தகனூட் டென்மார்க்கில் மாட்டிக்கொண்டான். செய்த சத்தியத்தை நிறைவேற்றக் கனூட் இல்லை. எல்ஃப்கிஃபுவின் மகன் ஹாரால்ட் ஆள் அனுப்பி, கனூட்டின் பொக்கிஷத்தில் நல்லதையெல்லாம் எம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டான். 1036-இல் ஆல்ஃப்ரெட் அம்மாவைப் பார்க்க வந்தான். எர்ல் காட்வின் அவனை மறித்தான். ஆல்ஃப்ரெட்டின் கண்களைப் பிடுங்கி ஈலியில் விட்டார்கள், அங்கேயே இறந்தான். அடுத்த வருடம் எம்மாவையும் விரட்டினார்கள், ப்ரூஷ் நகரில் அடைக்கலம்.

இந்தக் காட்வின் கனூட் வளர்த்த ஆள். கனூட்டின் தங்கை கணவன் எர்ல் உல்ஃபின் சகோதரி கித்தாவைக் கட்டியவன். 1035-இல் எம்மாவின் பக்கம் உறுதியாக நின்றவனும் இவனே. 1040-இல் ஹார்தகனூட் ராஜாவானதும், ஆல்ஃப்ரெட் விஷயத்தில் சமாதானமாக ஒரு பொன் பூசிய கப்பலைக் கொடுத்தான். அதில் 80 வீரர்கள், ஒவ்வொருவர் கையிலும் தங்கக் காப்பு. அதோடு, எல்லாம் அன்றைய ராஜா ஹாரால்டின் ஆணை என்று சத்தியமும் செய்தான்.

1042-இல் ராஜாவானவன் எட்வர்ட், எம்மா நார்மண்டியில் விட்டுவிட்ட பிள்ளை. 1043 நவம்பரில் மூன்று எர்ல்களோடு வின்செஸ்டருக்கு வந்து தாயின் நிலத்தையும் தங்கம் வெள்ளியையும் பறித்தான். நான் ராஜாவாகும் முன்னும் பின்னும் எனக்கு வேண்டியதை அவள் செய்யவில்லை என்பது அவன் காரணம். மகன் தாயைத் தண்டிக்க நினைத்தபோது அவளைச் சிறையில் போடவில்லை, பெட்டியைத் திறந்தான். அவள் பலம் எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரியும். கேள்வி கேட்டவருக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

ஒரு காலத்தில் எம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று ஏசியிருக்கிறேன். எனக்கே பிள்ளைகள் வளர்ந்த பிறகு வாசித்தபோது அப்படி வாய் வரவில்லை. இரண்டு தாலிக்கும் பிறந்தவர்களில் யாரைப் பிடித்தாலும் மற்றவன் உயிர் ஆபத்தில் இருந்தது.

பிப்ரவரி 4

வின்செஸ்டரில் அவள் எலும்பு கிடைத்துவிட்டதா என்று கேட்டவருக்கு: பேராலயத்து மரப்பேழைகளில் இருந்தவற்றை 1642-இல் நாடாளுமன்றப் படையினர் இறைத்துவிட்டார்கள், எல்லாம் கலந்துவிட்டது. 2019-இல் ஆய்வாளர்கள் குறைந்தது 23 பேரின் எலும்புகள் என்றார்கள். அதில் வயது முதிர்ந்த ஒரு பெண் உண்டு. எம்மாவாக இருக்கலாம் என்பதோடு நிறுத்தியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 11

கடைசியாக, "அப்படியானால் இவர்களில் விசுவாசமான பெண் யார்?" என்ற கேள்வி. காட்வின் வீட்டுத் தாயையும் மகளையும் சொல்கிறேன்.

மகள் எடித், 1045-இல் எட்வர்டுக்கு மனைவியானாள். 1051-இல் காட்வின் நாடுகடத்தப்பட்டபோது ராஜா அவள் நிலம், தங்கம், வெள்ளி எல்லாவற்றையும் பிடுங்கி மடத்துக்கு அனுப்பினான். 1052-இல் அப்பா படையோடு திரும்பினார், சொத்து முழுவதும் அவளுக்குத் திரும்பியது. 1066-இல் சகோதரர்களில் ஒருவன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் போரிலும் மூன்று பேர் ஹேஸ்டிங்ஸிலும் செத்தார்கள். எடித் வின்செஸ்டரைச் சண்டையில்லாமல் வில்லியமிடம் ஒப்படைத்தாள். 1075-இல் இறக்கும்வரை நிலங்கள் அவளிடமே இருந்தன.

தாய் கித்தா பணியவில்லை. 1068-இல் எக்ஸெட்டர் வில்லியமை எதிர்த்தபோது அங்கே இருந்தாள். நகரம் விழுந்ததும், நல்ல குடும்பத்துப் பெண்கள் பலரோடு ஃபிளாட் ஹோம் தீவுக்குப் போய், அங்கிருந்து கடல்தாண்டி செயின்ட் ஓமெருக்குப் போனாள். அவள் நிலங்கள் வில்லியமுக்கும் அவன் ஆட்களுக்கும் போயின.

எடித்தைத் துரோகி என்று எழுதுபவர்களோடு நான் சேர மாட்டேன். கணவன், தந்தை, நான்கு சகோதரர்கள் எல்லோரும் போன பிறகு, அவள் யாருக்குத் துரோகம் செய்தாள்?